திருடுவோர் கவனத்திற்கு

மலாக்காவில், காஜா பெராங்கில் கணேசமூர்த்தியின் வீட்டு வேலியோரம் இரண்டு பலகைகள் நின்றன.

முதல் பலகை, அவர் அங்கே குடிவந்த மூன்றாம் மாதம் நட்டது. ‘செடி வேண்டுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இலவசம்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தது. ஒன்றரை ஆண்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, செடிகளின் கொப்புகள் மட்டும் வாரம் தவறாமல் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

இரண்டாம் பலகையை அவர் கோபத்தில் எழுதினார். கோபத்திலும் அவருடைய எழுத்து ஒரு நூல் கோணவில்லை.

‘திருடுவோர் கவனத்திற்கு.
ஒன்று: கையால் ஒடிக்காதீர். கத்தியால் வெட்டவும்.
இரண்டு: கணுவுக்குக் கீழே, சாய்வாக வெட்டவும்.
மூன்று: மூன்று கணு போதும். பேராசை வேண்டாம்.
நான்கு: அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலில் வைக்கவும்.
ஐந்து: வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்.’

இதையும் இரண்டு மொழியில் எழுதினார். திருடுகிறவர்கள் வெட்கப்படுவார்கள் என்பது அவருடைய கணக்கு. யாரும் வெட்கப்படவில்லை. நின்று நிதானமாகப் படித்துவிட்டுப் போனார்கள்.

கணேசமூர்த்தி ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் நாற்றுப் பண்ணையில் ஒன்பது ஆண்டுகள் ஒட்டுக் கட்டியவர். அவர் கட்டிய ஒட்டு தவறியதில்லை. தோட்டத்தைத் துரைமார் விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். நாற்றுப் பண்ணை இருந்த துண்டில் யாரோ வாத்து வளர்க்க ஆரம்பித்தார்கள். கணேசமூர்த்தி மனைவி ருக்மணியுடன் மலாக்கா நகரத்துக்கு வந்து, கிளேபாங் கடலோரத்தில் மூன்று துரைகளின் பங்களாக்களில் தோட்ட வேலை பார்த்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் கணேசமூர்த்தியின் மூன்று பங்களாக்களில் இரண்டு ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன. மூன்றாவது துரை ஆகஸ்டில் கிளம்புகிறார்.

புக்கிட் காதிலில் மளிகைக் கடை வைத்திருந்த மைத்துனர், ருக்மணியின் அண்ணன், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அன்போடு மிரட்டினார். “மச்சான், ஏன் சிரமப்படுறீங்க? நம்ம கடைக்கு வந்திடுங்க. மிளகாய் நிறுத்துப் போட்டா போதும்.”

கணேசமூர்த்திக்கு மிளகாய் மூட்டை இருக்கும் திசையில் திரும்பினாலே பதினோரு தும்மல் வரும். ருக்மணி எண்ணியிருக்கிறாள்.

அதனால்தான் அவர் படித்தார். பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடையின் மாடியில், மலர்ச்சோலைச் சங்கம் சனிக்கிழமைகளில் தோட்டக்கலை வகுப்பு நடத்தியது. ஓராண்டு வகுப்பு, மூன்று தேர்வு. மூன்றிலும் தேறினால் ‘சான்று பெற்ற தோட்டக்கலைஞர்’ என்று சிவப்பு முத்திரை குத்திய தாள் ஒன்று கிடைக்கும். முதல் தேர்வு எழுத்தில். அதில் தேறினார். இரண்டாவது, கண்முன் ஒட்டுக் கட்டிக் காட்டுவது. பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் கட்டிவிட்டார். மூன்றாவது, வீட்டுத் தோட்டச் சோதனை. பரிசோதகர் வீட்டுக்கே வந்து, வேர் பிடித்து நிற்கும் முப்பது கன்றுகளை எண்ணிப் பார்ப்பார். பத்து வகையாவது இருக்க வேண்டும்.

கணேசமூர்த்தியிடம் நாற்பது இருந்தன. பால் டின், மண்ணெண்ணெய் டின், மண்சட்டி என்று வரிசை வரிசையாக. குரோட்டன்ஸ், காகிதப்பூ, வெட்சி, செம்பருத்தி. ஒவ்வொன்றிலும் தகரத் துண்டில் பெயர், வகை, நட்ட நாள், வந்த வழி.

ஒரே ஒரு தகரத்தில்தான் தகராறு. அந்த நாற்பதில் சேராமல், சமையலறைக் கதவருகே தனியாக நின்ற அடுக்கு மஞ்சள் செம்பருத்தி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அண்ணன் கடைக்குப் போய்த் திரும்பிய ருக்மணி அதை ஒரு சாணளவுக் கொப்பாகக் கொண்டுவந்தாள்.

“எங்கே கிடைச்சிச்சு?” என்று கேட்டார் கணேசமூர்த்தி.

“கிடைச்சிச்சு” என்றாள்.

“அதான், எங்கே?”

“ஏங்க, கிடைச்சிச்சுன்னா எழுதிக்குங்களேன்.”

எழுதிக்கொண்டார். ‘அடுக்கு மஞ்சள் செம்பருத்தி. வந்த வழி: கிடைத்தது.’

அவருடைய வீட்டுச் சொந்தக்காரர் கண்ணம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். மலாக்கா செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி. மலாய்ச் சட்டையான கெபாயா உடுத்தி, கொண்டையில் ஊசி செருகி, வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிற அம்மாள். வீட்டில் பேசுவது மலாய்; கணேசமூர்த்தியோடு பேசுவதும் மலாய்தான். இவர் அவரை அழைப்பதும் மலாயில் ‘மாக்சிக்’, அத்தை என்றுதான். அவர் பேச்சின் நடுவே ‘தம்பி’ மட்டும் தமிழில் வரும். அந்த ‘தம்பி’ வந்தால் ஏதோ உபதேசம் பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

“தம்பி, அந்த முதல் பலகையைப் பிடுங்கிப் போடு” என்றார் ஒரு நாள்.

“ஏன், மாக்சிக்? இலவசம்னுதானே போட்டிருக்கேன்.”

“அதுதான் தப்பு. கேட்டு வாங்கின செடி விருந்தாளி மாதிரி. நாலு நாள் இருக்கும், மூட்டையைக் கட்டிக்கும். திருடி வந்த செடி, வீட்டை விட்டு ஓடிவந்த பெண் மாதிரி. திரும்பிப் போக இடம் ஏது? வேர் விட்டுத்தானே ஆகணும்?”

“அப்படியெல்லாம் புத்தகத்துல இல்லையே.”

“புத்தகம் எழுதினவன் யார் வீட்டு வேலியில திருடினான்? எடுக்கும்போது சொந்தக்காரன் பார்க்கக் கூடாது. எடுத்தவள் வெளியில சொல்லக் கூடாது. நன்றி சொன்னால் அன்றைக்கே செடி செத்துப்போகும்.”

“அப்ப, சட்டியோட எடுத்துட்டுப் போனா இன்னும் நல்லா வளருமா?”

கண்ணம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “அலாமா! சட்டியோடு எடுத்தால் அது திருட்டு. எங்கள் கம்பத்து வீடுகளில் அந்தப் பழக்கம் கிடையாது.”

கணேசமூர்த்தி இதை ருக்மணியிடம் சொல்லிச் சிரித்தார். ருக்மணி சிரிக்கவில்லை. “அவங்க சொல்றது சரிதானேங்க” என்று சொல்லிவிட்டு மஞ்சள் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

ஜூன் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. கிளேபாங்கில் புதிதாகக் கட்டிய ‘கடற்காற்று’ விடுதி மெர்டேக்கா நாளன்று திறக்கப்போகிறது. அதற்கு ஒரு தலைமைத் தோட்டக்காரர் தேவை. கீழே ஆறு ஆள். பின்புறம் குடியிருக்க வீடு. கணேசமூர்த்தியின் வேலையை அவர்கள் பங்களாக்களில் பார்த்திருக்கிறார்கள், திருப்திதான். ஆனால் சான்றிதழ் வேண்டும். ஆகஸ்டு முதல் தேதிக்குள் சிவப்பு முத்திரைத் தாளோடு வந்தால் வேலை அவருக்கு. வராவிட்டால் அடுத்த ஆளுக்கு.

சங்கத்தின் வீட்டுச் சோதனை ஜூலை இருபத்தேழு, சனிக்கிழமை.

கணேசமூர்த்தி கடிதத்தை ருக்மணியிடம் மட்டும் காட்டினார். ருக்மணி கண்ணம்மாவிடம் மட்டும் சொன்னாள். கண்ணம்மா யாரிடமும் சொல்லவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது சற்று உரக்க யோசித்தார், அவ்வளவுதான். மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

எதிர்வீட்டு அப்பாசாமி, பஸ் கண்டக்டர், சைக்கிளை நிறுத்திவிட்டே கேட்டார். “என்னா கணேசு, கிளேபாங் பக்கம் போயிடப் போறியாமே? செடியெல்லாம்?”

“எல்லாத்தையும் கொண்டுபோயிடுவேண்ணே.”

உண்மையைச் சொன்னதுதான் அவர் செய்த பிழை.

தெரு கூடி ஆலோசிக்கவில்லை. கூடி ஆலோசித்தால் சொன்னதாகிவிடும். சொன்னால் செடி வளராது. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். கணேசமூர்த்தி போகப்போகிறார். போனால் இனி யார் வீட்டில் திருடுவது? வீட்டுக்கு ஒரு கொப்பாவது ஞாபகமாக இருக்கட்டும். பிரியத்தினால் வந்த வினை.

ஜூலை முதல் வாரம் கணேசமூர்த்தி கடைசிப் பங்களாவிலேயே தங்கி, துரையின் சாமான்களைப் பெட்டி கட்ட உதவிக்கொண்டிருந்தார். ருக்மணி நாத்தனார் பேறுகாலத்துக்கு உதவியாக நான்கு நாள் ஜாசினுக்குப் போயிருந்தாள். அவர் வீடு திரும்பிய வியாழக்கிழமை மாலை, வேலிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நாற்பது சட்டியும் இருந்தன. ஒரு சட்டி நகரவில்லை. நாற்பது தகரத் துண்டும் நேராக நின்றன. செடிகளைத்தான் காணோம். ஒவ்வொரு சட்டியிலும் விரல் நீளத்துக்கு ஒரு மொட்டைக் குச்சி. தாய்ச் செடிகளும் அப்படியே. தப்பியது சமையலறைக் கதவருகே நின்ற மஞ்சள் செம்பருத்தி ஒன்றுதான். ருக்மணி இல்லாத வீட்டில் சமையலறைப் பக்கம் போவது மரியாதையில்லை என்று தெரு நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஊரிலிருந்து வந்த ருக்மணி குச்சிகளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

“பசியாறினீங்களா?”

“இல்ல.”

“முதல்ல பசியாறுங்க. அப்புறம் யோசிக்கலாம்.”

ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துக்கொண்டே அவர் சொன்னார். “மூணு வாரம்தான் இருக்கு. இந்தக் குச்சி துளிர் விடும். ஆனா கன்னுன்னு காட்ட முடியாது. புதுசா நடலாம்னா கொப்பு ஏது?”

“ஏன், தெரு முழுக்க நம்ம கொப்புதானே? போய்த் திருடிட்டு வாங்க.”

“நம்ம செடியை நாமே திருடுறதா?”

“அவங்க வீட்ல இருக்கிற வரைக்கும் அது அவங்க செடி. சும்மா போங்க. மூலை வீட்டு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாங்க.”

மூலை வீட்டு சாரதாம்பாள் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அவர் வீட்டு வராந்தாவில் கணேசமூர்த்தியின் செந்நிறக் குரோட்டன்ஸ் மூன்று நின்றன. கணேசமூர்த்தி கத்தியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வேலிக் கதவருகே வந்ததும், வாழ்நாள் பழக்கம் அவரை விடவில்லை. கதவை இரண்டு முறை தட்டினார்.

அன்று பள்ளிக்கு விடுமுறை. சாரதாம்பாள் வெளியே வந்தார்.

“வாங்க, வாங்க. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லை டீச்சர்... திருட வந்தேன்.”

சாரதாம்பாள் குரோட்டன்ஸைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்தார். “எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். கணேசமூர்த்தி குடித்தார். நன்றி சொன்னார். வெறுங்கையோடு திரும்பினார்.

“தட்டிட்டா போனீங்க?” ருக்மணி தலையில் கை வைத்துக்கொண்டாள். “உங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கலாம், வேறெதையும் நம்பிக் கொடுக்க முடியாது.”

அதற்குப் பிறகு அவர் முயலவில்லை. குச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மைத்துனர் கடையில் எந்த மூலையில் உட்கார்ந்தால் மிளகாய்க் காற்று வராது என்று மனத்துக்குள் இடம் பார்த்தார். அப்படி ஒரு மூலை அந்தக் கடையில் இல்லை.

இருபத்தேழாம் தேதி காலை ஒன்பதரைக்குப் பரிசோதகர் பொன்னுதுரை வந்தார். விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் குடை, கையில் விதிப் புத்தகம், பையில் பூதக்கண்ணாடி. எதையும் மூன்று முறை எண்ணுவார். மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதுவார்.

வேலியோரம் அப்பாசாமி சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்க வந்தார். காற்று ஏற்கெனவே இருந்தது. சாரதாம்பாள் நோட்டுப் புத்தகக் கட்டோடு தற்செயலாக வந்து நின்றார். கண்ணம்மா தன் வேலிக்கு அந்தப் பக்கம், காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பொன்னுதுரை நாற்பது சட்டியையும் எண்ணினார். மூன்று முறை.

“தம்பி, இதென்ன தோட்டமோ, கோயில்ல மொட்டை அடிக்கிற இடமோ?”

“செடி இருந்திச்சுங்க, ஐயா.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.” ஒரு குச்சியின் அருகே குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அடுத்த குச்சிக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. “கணுவுக்குக் கீழ. சரிவு. ஒரு நார் கிழியேல்லை. நாற்பதும் ஒரே மாதிரி. இவ்வளவு வடிவா ஆர் வெட்டினது? நீரோ?”

கணேசமூர்த்தி ஒரு கணம் தயங்கினார். ‘நான்தான்’ என்று சொல்லியிருந்தால் அரை மதிப்பெண்ணாவது தேறியிருக்கும்.

“இல்லீங்க. திருடுனவங்க.”

“என்னது?”

அவர் பலகையைக் காட்டினார். பொன்னுதுரை அருகே போய்ப் படித்தார். இதையும் மூன்று முறை. ஐந்தாவது விதியில் மட்டும் அவர் மீசை லேசாக அசைந்தது.

“அந்தக் கொப்பெல்லாம் இப்ப எங்க?”

“யாரும் சொல்ல மாட்டாங்க, ஐயா. சொன்னா பட்டுப்போயிடும்னு இங்க நம்பிக்கை.”

பொன்னுதுரை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “விதி ஏழு. ‘வேட்பாளர் தம் கையாலோ, தம் நேரடி வழிகாட்டலாலோ வளர்த்த முப்பது கன்றுகள்.’ கையால எண்டு எழுத இங்க ஒண்டும் இல்லை. வழிகாட்டல் எண்டால் எழுதலாம். அதுக்கு, இந்தப் பலகையைப் பார்த்துத்தான் வெட்டினன், நட்டன் எண்டு ஆராவது என்ர முகத்தைப் பார்த்துச் சொல்ல வேணும். வேர் பிடிச்ச கண்டையும் காட்ட வேணும். இல்லாட்டி...” பேனாவின் மூடியைக் கழற்றினார். “தேறேல்லை எண்டு எழுதிப்போட்டு நான் போறன்.”

ருக்மணி இதை மலாயில் சொன்னாள். வேலியோரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அப்பாசாமி சக்கரத்தைப் பார்த்தார். சாரதாம்பாள் நோட்டுப் புத்தகத்தின் அட்டையைப் படித்தார். சாக்கடையில் ஒரு தவளை குதித்தது. எல்லோரும் அதை மிகுந்த அக்கறையோடு கவனித்தார்கள்.

கண்ணம்மா கையில் துணியோடு நின்றார். அவர் வீட்டு முன்வாசலில், சாமி படத்துக்கு நேராக, ஒரு மஞ்சள்புள்ளிக் குரோட்டன்ஸ் நின்றது. தெருவிலேயே பெரியது. கோயிலுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் அவர் இதுவரை வாயைத் திறந்ததில்லை. சொந்தத் தங்கையிடமே சொல்லவில்லை.

பொன்னுதுரையின் பேனா தாளைத் தொடப் போனது.

“சாயா சூரி” என்றார் கண்ணம்மா. நான்தான் திருடினேன்.

பேனா நின்றது.

“பதினாலு. இல்லை, பதினாறு. போன வருஷம் ஒன்பது, இந்த மாதம் ஏழு. பலகையில் எழுதியிருந்தபடி வெட்டினேன். மூன்று கணுவுக்கு மேல் எடுத்ததில்லை. வேண்டுமானால் வந்து எண்ணிப் பாருங்கள்.” மலாயில் மளமளவென்று சொல்லிவிட்டு, கடைசியில் தமிழுக்கு வந்தார். “தம்பி நல்ல பிள்ளை.”

அதற்குப் பிறகு அப்பாசாமிக்கு வேறு வழியில்லை. “எங்க வீட்ல எட்டு, சார்.”

“நீர் நட்டாப்பிறகு எத்தினை நாளுக்கு ஒருக்கா பிடுங்கிப் பார்த்தனீர்?” என்று சட்டென்று கேட்டார் பொன்னுதுரை.

“பிடுங்கவே இல்லை சார். அஞ்சாவது விதியில போட்டிருக்கில்ல? கை அரிச்சிச்சு. அடக்கிக்கிட்டேன்.”

“எனக்கு ரெண்டு” என்றார் சாரதாம்பாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். “மூணு” என்று திருத்திக்கொண்டார். “டீச்சர்!” என்றார் அப்பாசாமி. “வராந்தாவுல மூணு, பின்னால நாலு” என்று சாரதாம்பாள் முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிட்டார்.

கோப்பிக் கடைக்காரர் இரண்டு சட்டிகளை இரு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வெட்டியதே யாருக்கும் தெரியாது. அடுத்த அரைமணி நேரம் தெரு முழுக்கச் சட்டிகள் நடந்து வந்தன. பவுடர் டின்னில் வெட்சி, உடைந்த பானையில் காகிதப்பூ, குழந்தையின் பழைய சிறுநீர்ச் சட்டியில் வண்ண இலைக் கோலியஸ்.

பொன்னுதுரை ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். வேர் பிடித்தவை அசையவில்லை. எண்ணினார். மூன்று முறையும் ஐம்பத்திரண்டு வந்தது. பதின்மூன்று வகை. பட்டுப்போனவை ஆறு, அவற்றையும் நேர்மையாகக் கொண்டுவந்து காட்டினார்கள்.

“இலாகாவில இருபத்தெட்டு வருஷம் இருந்தனான்” என்றார். “எங்கட பண்ணையில நூறு நட்டால் எழுபது பிடிச்சாலே பெரிய கதை. இங்க கள்ளர் நட்டு, அதைவிடக் கூடப் பிடிச்சிருக்கு.” கணேசமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார். “அந்த விடுதியில உமக்குக் கீழ ஆறு பேர் எண்டு சொன்னவை. எப்பிடி வேலை வாங்கப் போறீர் எண்டு கேக்க வேணும் எண்டு வந்தனான். இனிக் கேக்கத் தேவையில்லை.”

தாளில் எழுதினார். ‘விதி ஏழு: நேரடி வழிகாட்டல். தேறினார்.’ கையெழுத்துப் போட்டார்.

கண்ணம்மா தன் மஞ்சள்புள்ளிக் குரோட்டன்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாசலில் இறக்கி வைத்து, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, அதன் இலையருகே குனிந்து கிசுகிசுத்தார். “சும்மா சொன்னேன். பொய். நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே.”

செடி மனசில் வைத்துக்கொள்ளவில்லை. இன்றும் நிற்கிறது.

சிவப்பு முத்திரைத் தாள் புதன்கிழமை தபாலில் வந்தது. வியாழன், ஆகஸ்டு முதல் தேதி, கணேசமூர்த்தி வெள்ளைச் சட்டையில் கிளேபாங்குக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டார். மெர்டேக்கா அன்று விடுதி வாசலில் பூத்த செம்பருத்தி வரிசையைப் பற்றி ஊரில் பேசினார்கள். மைத்துனர் கடையில் மிளகாய் நிறுக்க வேறு ஆள் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்ததில் ஒன்று பாக்கியிருக்கிறது.

கையெழுத்துப் போட்ட பிறகு பொன்னுதுரை ருக்மணி கொடுத்த கோப்பியைக் குடிக்கச் சமையலறைப் பக்கம் வந்தார். அங்கே மஞ்சள் செம்பருத்தி பூத்து நின்றது. அவர் கோப்பியை மறந்துவிட்டார். குனிந்து தகரத் துண்டைப் படித்தார்.

“‘வந்த வழி: கிடைத்தது’. எங்க கிடைச்சது, பிள்ளை?”

“புக்கிட் காதில் பக்கம், ஐயா” என்றாள் ருக்மணி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அடுக்குச் செவ்வரத்தை. மஞ்சள்.” ஒரு இதழைத் தொட்டார். “நான் புக்கிட் காதிலிலதான் இருக்கிறன். எங்கட வேலியில இப்பிடி ஒண்டு நிண்டது. ஊரில இருந்து கப்பல்ல கொண்டந்தது. என்ர மனிசி ஒவ்வொரு நாளும் அதில பூப் பறிச்சுத்தான் சாமிக்கு வைப்பா. போன வருச மழையில அழுகிப் பட்டுப்போச்சு. எங்கையும் தேடினன், கிடைக்கேல்லை.”

ருக்மணி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். கணேசமூர்த்தி மனைவியைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளாகப் புரியாத ஒன்று அவருக்குப் புரிந்தது.

“ஐயா, இந்தச் செடியை நீங்களே...” என்று ஆரம்பித்தார்.

“வேண்டாம், வேண்டாம்.” பொன்னுதுரை அவசரமாகக் குடையை எடுத்துக்கொண்டார். “பரிசோதகர் வேட்பாளரிட்ட ஒண்டும் வாங்கக் கூடாது. விதி பத்தொன்பது.” மறுபடி பூவைப் பார்த்தார். “அதோட, கேட்டு வாங்கினால் எப்பிடியும் பட்டுப்போகும் எண்டுதானே இங்க சொல்லுகினம்.”

விடை பெற்றுக்கொண்டார். ருக்மணி கணவரின் கையைப் பிடித்து முன்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். வேலிக் கதவருகே நின்று அவர்கள் காத்திருந்தார்கள். பரிசோதகர் வரவில்லை. சமையலறைப் பக்கத்திலிருந்து, கூர்மையான பேனாக்கத்தி பச்சைத் தண்டில் இறங்கும் சின்னச் சத்தம் ஒன்று வந்தது. ஒன்பது ஆண்டு ஒட்டுக் கட்டிய காது அது. கணுவுக்குக் கீழே, சாய்வாக என்பதுகூட அதற்குத் தெரிந்தது.

வீட்டைச் சுற்றி வந்த பொன்னுதுரையின் நடை கொஞ்சம் வேகமாக இருந்தது. குடையை மடித்து நெஞ்சோடு அணைத்திருந்தார். மடிப்புக்குள்ளிருந்து இரண்டு பச்சை இலைகள் எட்டிப் பார்த்தன.

‘கேட்டே வாங்கிக்கலாமே’ என்று சொல்லக் கணேசமூர்த்தியின் வாய் தானாகத் திறந்தது. ஒன்றரை ஆண்டுப் பழக்கம். ருக்மணி அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

“அங்க பாக்காதீங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “பாத்தா வேர் பிடிக்காது.”

சான்று பெற்ற தோட்டக்கலைஞர் கணேசமூர்த்தி தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. குடை தெருமுனை திரும்பும் வரை அதையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.